தறிக்குழியும் கொஞ்சம் பைத்தானும்

ரொம்ப நாளா ஆளையே காணோமேன்னு நாலு பேரு கேட்டீங்க. (சரி, ரெண்டு பேரு.) ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பெங்களூருல உக்காந்து புடுங்குன ஆணி போதும், மிச்சத்தை ஊர்ல உக்காந்து புடுங்குறேன்னு மேனேஜர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு வாரம் சின்னாளப்பட்டிக்கு வந்திருந்தேன். கூடவே தங்கமணியும். அங்க என்னென்ன பண்ணினோம்னு ஒரு சின்ன அப்டேட். சின்னதுன்னுதான் ஆரம்பிக்கிறேன், எங்க போய் முடியும்னு எனக்கே தெரியாது.

ஊர் தெரியாதவங்களுக்கு: திண்டுக்கல்லுல இருந்து மதுரை ரோட்டுல பத்துப் பதினோரு கிலோமீட்டர் வந்தா எங்க ஊர். கிழக்கால சிறுமலை. பக்கத்துலயே காந்திகிராமம், 1947-ல டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரனும் ஆரம்பிச்சது. மத்தபடி எங்க ஊர்ன்னா சேலைதான். சின்னாளப்பட்டு, சுங்குடின்னு உங்க வீட்டு பீரோவுலயும் ஒண்ணு கண்டிப்பா இருக்கும், அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க.

முதல்ல பொழுதுபோக்கு. தொப்பையைக் குறைக்கணும்னு காலையில ஓட ஆரம்பிச்சேன். எத்தனை நாள் ஓடினேன்னு கேக்கப்படாது. (மூணு.) முதல் நாள் அஞ்சரை மணிக்கு எங்க தெருவுல ஓடும்போது என்னமோ ஒண்ணு குறையுற மாதிரியே இருந்துச்சு. திரும்பி வரும்போதுதான் பிடிபட்டுச்சு. தறிச் சத்தம். நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்ப அலாரமே வேண்டாம், வீட்டுக்கு வீடு 'டடக் டடக்'னு தறி ஓடுறதுலயே முழிப்பு வந்துரும். இப்ப அந்தத் தெருவுல ஒரே ஒரு வீட்டுல கேக்குது. மிச்ச வீட்டுல டிவி ஓடுது.

எங்க வீட்டுலயும் அப்பா தறியை நிறுத்தி வருஷக் கணக்காச்சு. 2020 லாக்டவுன்ல நூல் வரத்து நின்னுச்சு, ஆர்டர் நின்னுச்சு. திரும்ப ஆரம்பிக்கலாம்ன்னப்ப அவரு முழங்கால் நின்னுருச்சு. எங்களது குழித்தறி. தரையில குழி வெட்டி, அதுக்குள்ள காலைத் தொங்கப் போட்டு மிதிக்கணும். இறங்கினா ஏற முடியலைன்னு விட்டுட்டார். இப்ப ஒரு கடையில கணக்கு எழுதுறார். தறி மேல பிளாஸ்டிக் சாக்கு, சாக்கு மேல துவைச்ச துணிக் கூடை, பக்கத்துல இஸ்திரிப் பெட்டி.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பா சாதாரணமா சொன்னார்: "கொத்தனார்கிட்ட பேசிட்டேன்ப்பா. நீ ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள குழியை மூடி டைல்ஸ் போட்டுரலாம்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. பரம்பரைச் சொத்து, பாரம்பரியம், கலை, அது இதுன்னு பத்து நிமிஷம் பேசினேன். புள்ளிவிவரம் வேற. "2009-10 கணக்கெடுப்புல நாட்டுல 43 லட்சம் கைத்தறிக்காரங்க இருந்தாங்க, 2019-20ல 35 லட்சம்தான். தெரியுமாப்பா?"

அப்பா ரசத்தைக் குடிச்சு முடிச்சுட்டு நிதானமா கேட்டார்: "அந்த 35 லட்சத்துல நீ ஒருத்தனாடா தம்பி?"

தங்கமணி சிரிப்பை அடக்கிக்கிட்டு அடுப்படிக்கு ஓடிருச்சு.

நியாயமான கேள்விதான். இங்க ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். காலேஜ் ஹாஸ்டல்ல 'அப்பா என்ன பண்றார்'னு கேட்டா 'டெக்ஸ்டைல் பிசினஸ்'னு சொல்லி வச்சவன் நான். தறி நெய்யுறார்னு வாய் வராது. போன ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாள் (2015-ல இருந்து கொண்டாடுறாங்க, முதல் விழா நம்ம சென்னையிலதான்), ஆபீஸ்ல எல்லாரும் கைத்தறி உடுத்திட்டு வரணும்னு மெயில். அப்பா நெஞ்ச துண்டு ஒண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டு நானும் பந்தாவாப் போனேன். கூட வேலை பாக்குற ஒரு பொண்ணு அது சேலை பார்டரைக் காட்டி, "உங்க ஊர் சேலைதான் ஊரே. இந்த மாங்கா எப்படி வருது இதுக்குள்ள?"ன்னு கேட்டுச்சு. "அது... தறியிலதான்"னு சொல்லி வழிஞ்சேன். தறிக்குப் பத்தடி தள்ளிப் படுத்துத் தூங்கின பயலுக்கு இதுக்கு மேல பதில் தெரியல.

அதனால அப்பாகிட்ட ஒரு டீல் போட்டேன். நான் கிளம்புற வரைக்கும் குழியை மூட வேண்டாம். அதுக்குள்ள அந்த மாங்கா எப்படி வருதுன்னு முழுசா கத்துக்குறேன். "கத்துக்கோ. ஆனா வெள்ளிக்கிழமை கொத்தனார் வருவார்"ன்னுட்டார்.

நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட சிறுமலை. மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவு. அம்மாவுக்கு எட்டாவது வளைவுலயே தலை சுத்த ஆரம்பிச்சு, எலுமிச்சம் பழத்தை மோந்துக்கிட்டே வந்தாங்க. மேல காபி, மிளகு, பலா. குதிரை மேல மூட்டை ஏத்தி வர்றதைப் பார்த்துட்டு தங்கமணி வண்டியை நிறுத்தச் சொல்லி முப்பது போட்டோ எடுத்துச்சு. சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினோம். சின்னப் பழம், கெட்டித் தோல், தனி இனிப்பு. ஒரு காலத்துல மலை முழுக்க இதுதான் இருந்துச்சாம். முடிக்கொத்து நோய்னு வைரஸ் நோய் ஒண்ணு வந்து தோப்பு தோப்பா அழிச்சுப் போட்டுருச்சு. அசுவினிப் பூச்சி பரப்புற நோய். வந்த மரத்தைக் காப்பாத்த முடியாது, வெட்டித்தான் போடணும். அப்புறம் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்னு கொண்டாந்து நட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமா மீட்டெடுத்தாங்க.

இதைக் கேட்டுட்டு தங்கமணி, "வாழைக்கு டிஷ்யூ கல்ச்சர் இருக்கு. தறிக்கு என்ன மாமா இருக்கு?"ன்னு கேட்டுச்சு. அப்பா என்னைக் காட்டி, "அதான் இருக்காரே, லேப்டாப்போட"ன்னார். இந்த ரெண்டு பேரும் எப்ப கூட்டணி வச்சாங்கன்னே தெரியல.

சரி, மெயின் மேட்டர்.

தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டின்னு ஒண்ணு உக்காந்திருக்கும். அதுல கயித்துல கோத்த அட்டைங்க மாலை மாதிரித் தொங்கும். ஒவ்வொரு அட்டையிலயும் வரிசையா ஓட்டை. ஒரு தடவை மிதிச்சா ஒரு அட்டை வந்து ஊசிங்களுக்கு நேரா அழுந்தும். ஓட்டை இருக்கிற இடத்துல ஊசி உள்ள போயிரும், அதோட கொக்கி மேல ஏறும், கொக்கியில கட்டின பாவு நூலும் ஏறும். ஓட்டை இல்லாத இடத்துல ஊசி தள்ளுப்பட்டு, கொக்கி கீழயே நின்னுரும். ஏறின நூலுக்கும் ஏறாத நூலுக்கும் நடுவுல நாடா ஓடும், ஊடை விழும். அடுத்த மிதி, அடுத்த அட்டை. அவ்வளவுதான் மாங்கா!

அதாவது ஓட்டை இருந்தா 1, இல்லைன்னா 0. எங்கப்பா வாழ்க்கை முழுக்க பைனரி ஓட்டிக்கிட்டு இருந்திருக்கார், நான்தான் அதைப் படிக்க நாலு வருஷம் இன்ஜினியரிங் காலேஜுக்கு ஃபீஸ் கட்டியிருக்கேன். இதுல இன்னொரு விஷயம், ஜக்கார்டுங்கிற பிரெஞ்சுக்காரர் இந்த முறையைக் கொண்டு வந்தது 1804-ல. அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன்னோட இயந்திரத்துக்கு அட்டை போடலாம்னு யோசிச்சார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புல ஹாலரித் ஓட்டை போட்ட அட்டையை வச்சுத்தான் எண்ணினார். அவரு கம்பெனி வேற சில கம்பெனிகளோட சேர்ந்து, பேர் மாறி, 1924-ல ஐபிஎம் ஆச்சு. இதெல்லாம் காலேஜ் முதல் வருஷப் புத்தகத்துல நானும் படிச்சுப் பாஸ் பண்ணினதுதான். எங்க வீட்டு உத்தரத்துல தொங்குறது அதேதான்னு ஒரு நாள் கூடத் தோணல பாருங்க.

செகண்ட் ஹேண்ட்ல ஒரு கேமரா வாங்கியிருந்தேன், குருவி போட்டோ எடுக்கலாம்னு. (குருவி ஒத்துழைக்கல.) அதை வச்சு 84 அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராப் பிடிச்சு ஒவ்வொண்ணா எடுத்தேன். அம்மா அட்டையைப் பிடிக்க, அப்பா நம்பர் சொல்ல, தங்கமணி கணக்கு வைக்க, நான் கிளிக். அப்புறம் பைத்தான்ல, ஓபன்சிவியை வச்சு வெளிச்சம் தெரியுற வட்டத்தை எல்லாம் ஓட்டைன்னு எண்ணுற மாதிரி ஒரு சின்ன புரோகிராம். முதல் தடவை ஓட விட்டா மாங்காவுக்குப் பதிலா அம்மை போட்ட உருளைக்கிழங்கு வந்துச்சு. பூச்சி அரிச்ச ஓட்டையையும் சேர்த்து எண்ணியிருக்கு. ஓட்டையோட அளவையும் இடத்தையும் சரி பார்க்கச் சொல்லித் திருத்தின பிறகு, ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கிரீன்ல கட்டம் கட்டமா மாங்கா வந்துச்சு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கிராஃப் பேப்பர்ல இப்படித்தான் இருக்கும்"னு மட்டும் சொன்னார். எங்கப்பா அகராதியில அது பாராட்டு.

அந்த மாலையில ஒரே மாங்காதான் ரெண்டு தடவை இருக்கு. 42 அட்டை ஒரு மாங்கா. ஒரு செட்டு மட்டும்னா மாலை குட்டையாப் போயி சரியாச் சுத்தாதாம், அதனால இன்னொரு செட்டு. அப்ப முதல் 42-ம் அடுத்த 42-ம் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும்ல? புத்தி சும்மா இருக்குமா, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு வித்தியாசம். 57-வது அட்டையில ஒரு ஓட்டை ஒரு இடம் தள்ளி விழுந்திருக்கு. மாங்காவோட வாலுக்குப் பக்கத்துல ஒரு மச்சம்!

"அப்பா, பக் பிடிச்சுட்டேன்! 57-ல ஒரு ஓட்டை தப்பு."

அப்பா திரும்பிக் கூடப் பாக்கல. "தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் மாத்தல?"

"அது உங்கம்மா அடிச்ச அட்டை."

அம்மா தார் சுத்துற ராட்டைக்குப் பக்கத்துல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. உரிச்ச கை அப்படியே நின்னுருச்சு. நான் ஆறாவது படிக்கிறப்ப நடந்ததாம். அப்பா காய்ச்சல்ல படுத்துட்டார், மறுநாள் சேலை கொடுத்தாகணும், மழையில ஒழுகி அந்த அட்டை ஊறிப் போச்சு. அம்மா ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, 15-வது அட்டையைப் பார்த்துப் பார்த்து, சிம்னி விளக்கு வெளிச்சத்துல உக்காந்து ஓட்டை போட்டிருக்காங்க. 57-வது அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் தங்கக் கலர்ல பாதிப் பிள்ளையார்.

"பாவி மனுஷா, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!"ன்னாங்க அம்மா.

"சொல்லியிருந்தா அடுத்த அட்டை அடிக்க வந்திருப்பியா?"ன்னார் அப்பா.

அதுக்குள்ள தங்கமணி ஓடிப் போய், கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சேலையை எடுத்து வந்து விரிச்சுருச்சு. விரலை வச்சு எண்ணினோம். ஒரு மாங்கா விட்டு ஒரு மாங்காவுக்கு வால்ல மச்சம். நுனி வரைக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் குழிக்குள்ள இறங்கினேன். பாதியில நின்னு போன பாவு அப்படியே இருந்துச்சு, தூசி படிஞ்சு. அப்பா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டார். மிதி, நாடாவை விடு, பலகையை அடி. மூணே வேலை. மூணும் ஒண்ணா வரவே வரல. நூல் அறுந்துக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அப்பா குனிஞ்சு, பார்க்காமலே ரெண்டு விரலால முடிஞ்சு விட்டார். ஒண்ணரை மணி நேரத்துல நாலு விரக்கடை நெஞ்சேன். ஓரம் பாம்பு மாதிரி வளைஞ்சு போச்சு. எந்திரிக்கும்போது முட்டி ரெண்டும் கெஞ்சுச்சு. இந்த வயசுல, ஒண்ணரை மணி நேரத்துல. அவரு நாப்பது வருஷம்.

அதுக்கு மேல பாரம்பரியம் பத்தி நான் பேசல.

வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்தார். குழிக்கு மண்ணு தள்ள நானும் ஒரு கை போட்டேன். தறிக் கட்டைங்களை அந்தச் சத்தம் கேட்ட வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனார், அவருக்கு ஆகுமாம். ஜக்கார்டு பெட்டியும் அட்டை மாலையும் பரண்ல ஏறிருச்சு. நான் நெஞ்ச நாலு விரக்கடையை அம்மா கத்தரிச்சு சாமி படத்துக்குக் கீழ விரிச்சுட்டாங்க. கோணலா இருக்கு. சாமி ஒண்ணும் சொல்லல. டைல்ஸ் போட்ட மறுநாளே அப்பா காலை நீட்டி அதுல படுத்து மத்தியானத் தூக்கம் போட்டார். நல்லா குறட்டை விட்டார்.

புரோகிராம் இப்ப ஓரளவு ஒழுங்கா ஓடுது. அடுத்து, கிராஃப் பேப்பர்ல வரைஞ்சதையும் படிக்க வைக்கணும். அப்பா இன்னும் ரெண்டு செட்டு அட்டையை யார் வீட்டுலயோ கேட்டு வாங்கி வச்சிருக்கேன்னு போன் பண்ணினார். கேக்காமலே! 57-வது அட்டையை மட்டும் கோடுல திருத்தல. அந்த வரிக்கு மேல ஒரு கமெண்ட் போட்டு வச்சிருக்கேன்: 'அம்மா அடிச்சது. மாத்தாதே.'

உங்க வீட்டுப் பரண்லயும் இந்த மாதிரி அட்டை கிடந்தா, பழைய பேப்பர்காரருக்குப் போடுறதுக்கு முன்னாடி வெளிச்சத்துக்கு நேரா ஒரு போட்டோ எடுத்து வைங்க. எது எது யாரு அடிச்சதுன்னும் கேட்டு வச்சுக்கங்க.

நாளைக்குத் திங்கக்கிழமை. ஆணி காத்துக்கிட்டு இருக்கு. வரட்டா?