கிப்லா வடக்கே இருக்கும் ஊர்

கிப்லா எந்தத் திசை என்று நம் ஊர்க் குழந்தையைக் கேட்டால் மேற்கே கையை நீட்டும். அறுபத்தெட்டு ஆண்டுகளாக மேற்கு நோக்கி நின்றே பழகிய எனக்கு, ஏறத்தாழ நேர்வடக்கே முகம் திருப்பித் தொழுகின்ற ஓர் ஊரைக் காணும் ஆசை பிறந்தது. கனடாவின் வடகோடியில், மெக்கென்சி ஆறு ஆர்க்டிக் கடலைச் சேரும் கழிமுகத்தின் அருகே, 68 பாகை வடக்கில் அமைந்த இனுவிக் என்பது அவ்வூர். அங்கிருந்து மக்காவுக்கு மிகக் குறுகிய வழி, துருவத்தின் ஓரமாகச் செல்கிறது. அதனால்தான் இந்தத் திசை மாற்றம்.

மூத்த மகன் எட்மன்டனில் பணிபுரிகிறான். நானும் என் துணைவியாரும் இக்குளிர்காலத்தை அவன் வீட்டில் கழிக்கிறோம். வரும் மார்ச்சில் அவனுக்கு ஐந்து நாள் விடுமுறை. ஏப்ரலில் நாங்கள் ஊர் திரும்ப வேண்டும். மீண்டும் இத்தனை தொலைவு வருவேன் என்று என் வயது உறுதி சொல்லவில்லை.

"ஒரு பள்ளிவாசலைப் பார்க்க இந்தப் பனியிலா போகவேண்டும்?" என்றார் துணைவியார். அப்பள்ளிவாசலின் கதையைச் சொன்னேன். மூவாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் அவ்வூரில், சூடான், எகிப்து, லெபனான் முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த முஸ்லிம்கள் சிலர், நெருக்கடியான சிறு இடமொன்றில் தொழுது வந்தார்கள். அங்கேயே கட்டுவது பெருஞ்செலவு. ஆகவே 2010-ஆம் ஆண்டில் வின்னிபெக் நகரில் பள்ளிவாசலைக் கட்டி, சரக்கு வண்டியிலும் பின்னர் ஆற்றில் மிதவைப் படகிலுமாக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கொண்டு சென்றார்கள். ஆறு உறையுமுன் புறப்படும் கடைசிப் படகைப் பிடித்தாக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அதில் தொழுகை தொடங்கியது. கதை முடிந்ததும் துணைவியார் மறுப்புச் சொல்லவில்லை.

எப்போது செல்வது என்பதே முதற் கேள்வி. டிசம்பர் தொடக்கத்தில் அங்கே மறையும் சூரியன் ஜனவரி முதல் வாரத்தில்தான் திரும்புகிறது. மே இறுதி தொட்டு ஜூலை நடுப்பகுதிக்குப் பின்னர் வரை அது மறைவதே இல்லை. கோடையில் ரமழான் வந்த ஆண்டுகளில், தெற்கே உள்ள எட்மன்டனின் நேரக்கணக்கைக் கொண்டே அவ்வூரார் நோன்பு நோற்றார்கள். மார்ச் 20-ஐ ஒட்டிய நாட்களிலோ உலகெங்கும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம். ஆனால் அச்சமநிலை நீடிப்பதில்லை. பகல் நாளொன்றுக்குச் சுமார் 8 நிமிடம் நீள்கிறது. ஏப்ரல் பிறந்ததும் நள்ளிரவிலும் அடிவானத்து வெளிச்சம் முற்றிலும் அகல்வதில்லை. இஷாவின் நேரத்தைக் கணிப்பதே கடினமாகிவிடும். எனவே மார்ச் நான்காம் வாரத்தைத் தேர்ந்தோம். ஐந்து வேளையும் தத்தம் நேரத்தில் வரும். இருளில் வடதுருவ ஒளியும் தென்படலாம்.

அடுத்து, எவ்வழியே செல்வது? இங்கேதான் எனக்கும் மகனுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. 1979-இல் திறக்கப்பட்ட டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை 700 கிலோமீட்டருக்கு மேல் வனாந்தரத்தினூடே செல்கிறது. குளிர்காலத்தில் பீல், மெக்கென்சி ஆகிய இரு ஆறுகளை உறைபனியின் மீதே வண்டிகள் கடக்கின்றன. ஆற்றின் மேல் காரோட்டும் அந்த அற்புதத்தை நான் விரும்பினேன்.

"வேண்டாம் வாப்பா. முதல் 370 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது. காற்று கிளம்பினால் சாலையை மூடிவிடுவார்கள். உங்கள் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை" என்றான்.

"உனக்குத் தவக்குல் போதாது" என்று சொல்லிவிட்டேன். அவன் மறுமொழி கூறாமல் எழுந்து சென்றான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை எத்தனை கூட்டங்களில் நான் எடுத்துப் பேசியிருக்கிறேன்! இங்கே கயிற்றைக் கையிலெடுத்தவன் என் மகன். அவிழ்த்துவிடப் பார்த்தவன் நான். ஆசைக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டியது என் நாவு. பஜ்ருத் தொழுகைக்குப் பின் அவனருகே அமர்ந்து, "விமானத்தையே பார், தம்பி" என்றேன். அவன் சிரித்தான். யெல்லோநைஃப் வழியே விமானம். திரும்பும் நாள் புயலில் தவறினால் ஈடுசெய்ய ஒரு நாள் உபரி. அவ்வூரிலேயே மருத்துவமனையும் உண்டு.

வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும் என்பதால் கம்பளி உள்ளாடைகளும் கனத்த காலணிகளும் சேர்ந்தன. அவற்றோடு ஒரு இணை தோல் காலுறையும் வாங்கினேன். உளூவுடன் அணிந்த காலுறையின் மீது பயணி மூன்று நாள் மஸ்ஹு செய்யலாம் என்று சிறுவயதில் மதரஸாவில் ஓதினேன். வெயில் கொளுத்தும் ஊரில் அந்தச் சலுகை எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஓதி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதன் அருமை விளங்குகிறது. திசைகாட்டியை மட்டும் நம்பக்கூடாது என்றான் மகன். அங்கே முள் உண்மை வடக்கைவிட்டுக் கிழக்கே வெகுவாக விலகி நிற்குமாம்.

நேற்று கடைசி வேலையையும் முடித்தேன். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது யாவற்றையும் ஒரு தாளில் எழுதித் துணைவியாரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமலே மடித்துக் குர்ஆன் ஷரீஃபின் அருகே வைத்தார். பிறகு என் பெட்டியைத் திறந்து இன்னுமொரு கம்பளிச் சால்வையை உள்ளே வைத்தார்.

இன்ஷா அல்லாஹ், வரும் மார்ச்சின் நான்காவது வெள்ளிக்கிழமை, தகப்பனும் மகனும் தோளோடு தோள் சேர்த்து, வடக்கு நோக்கி ஜும்ஆ தொழுவோம்.