மேலே மினுக்கு, கீழே துரு

வாகனத்துக்கு மெழுகு பூசச் சொல்லித்தரும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டில் பிறந்தவை. பனி விழும் முன் வண்டியைக் கழுவிக் காயவைத்து மெழுகு பூசுங்கள், பனிக்காலம் முடிந்ததும் மறுபடி கழுவிப் பூசுங்கள் என்பதே அவற்றின் சாரம். அங்கே வண்டியைத் தின்பது பனி அல்ல, பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு. டொரண்டோவில் கார் வைத்திருக்கும் எந்தத் தமிழரைக் கேட்டாலும் அந்த உப்பைத் திட்டாமல் விடமாட்டார். தென் அந்தமானின் சௌல்தாரியில் பனியும் இல்லை, உப்பு கொட்டும் லாரியும் இல்லை. ஆனால் உப்பு கடலிலிருந்து தானாக வருகிறது, ஆண்டு முழுக்க வருகிறது. இந்தப் பக்கத்து வாட்டர் வாஷ் கொட்டகைகளிலும் டிங்கரிங் பட்டறைகளிலும் நடக்கும் வேலையைப் பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதிப்பட்டது. மெழுகும் உழைப்பும் தப்பான இடத்தில் செலவாகின்றன. மினுக்கத்துக்காகப் பானட்டில் பூசுகிறோம்; பூச வேண்டிய இடமோ கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியும் உள்கூடும். இப்படி ஆனதற்குத் தொழிலாளியின் அறியாமையைக் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுப்பவரின் கண்தான் காரணம்.

டிங்கரிங் பட்டறையில் வெட்டி எறியப்பட்ட தகடுகளே இதற்கு முதல் சாட்சி. கதவின் கீழ்விளிம்பு, கதவுக்கு அடியில் ஓடும் ரன்னிங் போர்டு, சக்கர வளைவின் உதடு, டிக்கியின் தரை: துண்டு துண்டாகக் கிடப்பவை இவைதான். பானட்டின் நடுப்பகுதியையோ கூரையையோ துருவுக்காக வெட்டி எடுப்பது அபூர்வம். கதவு எப்படிச் சாகிறது என்பதை அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தாலே சொல்லிவிடலாம். வெளிப்பக்கத்தில் பெயிண்ட் இன்னும் பளபளப்பாக இருக்கும், அங்கங்கே மட்டும் பொரிப்பொரியாகப் பொங்கியிருக்கும். உள்பக்கம் செதில் செதிலாக உதிரும். கண்ணாடி ஓரமாக இறங்கிய மழைநீர் கதவின் உள்ளே விழுகிறது. அது வெளியேற வேண்டிய சிறு ஓட்டையைச் சருகும் செம்மண்ணும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் உள்ளேயே தேங்குகிறது. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே எத்தனை முறை பாலிஷ் போட்டாலும் அதைத் தொட முடியாது.

பெயிண்டின் கட்டுமானத்தைப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருகிறோம். ஆலையிலிருந்து வரும் காரின் தகட்டில் முதலில் பாஸ்பேட் படலம், அதன்மேல் மின்சாரக் குளியலில் ஏறும் அடிப்பூச்சு, பிறகு பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். மொத்தக் கனம் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். கையால் தேய்த்துத் துடைத்தபின் எஞ்சும் மெழுகுப் படலம் ஒரு மைக்ரானைக்கூட எட்டுவதில்லை. கீறல் இல்லாத கிளியர் கோட்டின் மேல் அந்த மெல்லிய படலம் துருவுக்கு எதிராகப் பெரிதாக எதுவும் சேர்த்துவிடாது. மெழுகால் பயனே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. பறவை எச்சம், மரப்பால், பூச்சிக் கறை ஆகியவை பெயிண்டில் ஊறுவதை அது தாமதப்படுத்துகிறது. அழுக்கு எளிதில் கழன்று வருவதால் அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை, கீறலும் குறைகிறது. பிரேசிலின் வடகிழக்கில் ஒரு பனைவகை மரத்தின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் கடைகளில் விற்கும் டப்பாவில் அது மட்டும் இருப்பதில்லை. அந்தமான் வெயிலிலும் மழையிலும் அந்தப் பூச்சுக்கு ஆயுள் சில வாரங்கள்தான். ஆக, மேல்மெழுகு அழகுக்கும் வசதிக்கும் உதவும். வண்டியின் ஆயுளைக் கூட்டுவது வேறு வேலை.

உப்பின் குணத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குளிர்நாட்டுக் குறிப்பு இங்கே பொருந்தாமல் போவது அதனால்தான். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். அந்தமானில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 75-க்கு மேல். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்குப் பின்னாலேயே வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. ஆண்டு மழை ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். எனவே தகட்டில் ஒட்டிய உப்பு இங்கே காய்வதே இல்லை, எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலமாக உட்கார்ந்திருக்கிறது. இரும்பு, ஆக்சிஜன், மின்சாரம் கடத்தும் நீர் மூன்றும் கூடிவிட்டால் துருவுக்கு வேறு அழைப்பு தேவையில்லை. கனடாவில் கடுங்குளிரே அந்த வினையை மந்தமாக்கிவிடும். பனிக்காலம் போனதும் உப்பும் நின்றுவிடும். இங்கே வெப்பம் வினையை விரட்டுகிறது, ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தியாவுக்கே ஓர் உலோக அரிமான வரைபடம் வரைந்திருக்கிறது. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் வைத்துச் சோதித்திருக்கிறது. உலக அளவிலான தரநிலையில் கடுமையான கடலோரச் சூழலில் பூச்சில்லாத எஃகு முதல் ஆண்டிலேயே 80 முதல் 200 மைக்ரான் வரை கரையும் என்று கணக்கிடுகிறார்கள். கார் தகட்டின் கனம் சுமார் 700 மைக்ரான். பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

சௌல்தாரி கடற்கரையிலா இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். காற்றில் வரும் உப்பின் அளவு அலையடிக்கும் இடத்திலிருந்து தள்ளிப் போகப் போக வேகமாகக் குறைகிறது என்பது உண்மை. வீட்டுக் கூரைக்கு அந்தக் கணக்கு பொருந்தும், ஏனென்றால் கூரை நகராது. வண்டி நகரும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருக்கு வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் வண்டி கடலோரச் சாலையில் ஓடுகிறது. வண்டூருக்கோ சிடியாடாப்புவுக்கோ சவாரி போனால் அலைத்தூறலில் நிற்கிறது. சாத்தமிலிருந்து பாம்பூ ஃபிளாட்டுக்குப் படகில் ஏறுகிறது. பாராடாங்குக்குப் போகும் வண்டி மிடில் ஸ்ட்ரெய்ட்டைப் படகில்தான் கடக்க வேண்டும். கடலும் நிலத்துக்குள் நெருங்கி வந்திருக்கிறது: 2004 டிசம்பர் 26-இன் நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கியது. அங்குள்ள சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் கடல்நீர் ஏறி நின்றுவிட்டது. இதற்கெல்லாம் முன்னால், புது வண்டியே சென்னைத் துறைமுகத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கப்பலில் வருகிறது. ஏஎன் 01 என்று எண் பலகை மாட்டும் முன்பே அது உப்பைச் சுவாசித்துவிடுகிறது. ஊர் உள்ளே இருப்பதால் ஒரு நன்மை உண்டு என்றால், இரவில் நிறுத்தும் இடத்தில் உப்பு குறைவு. ஆனால் சக்கர வளைவுக்குள் அப்பிக்கொள்ளும் செம்மண் அந்த நன்மையைப் பறித்துக்கொள்கிறது. பகலில் ஏறிய உப்பையும் ஈரத்தையும் அது தகட்டோடு சேர்த்துப் பிடித்து வைக்கிறது.

இனி, கைவேலைக்கு வருகிறேன். நன்றாகச் செய்யப்படும் அடிப்பகுதி வேலை ஒன்றை முழுதாகப் பார்ப்பவர் அதை இனி 'கார் கழுவுவது' என்று சொல்ல மாட்டார். வண்டியை ரேம்ப்பில் ஏற்றி, பிரஷர் கன்னால் சக்கர வளைவிலிருந்து தொடங்கி நடுவுக்கு வருகிறார்கள். மண் முழுதும் போய்விட்டதா என்பதைத் தொட்டுத்தான் அறிய முடியும். அதனால் சக்கர வளைவின் உள்மடிப்பு முழுக்க விரல் ஓடுகிறது. கதவின் கீழ் ஓட்டைகளையும் ரன்னிங் போர்டு ஓட்டைகளையும் கம்பியால் குத்தித் திறக்கும்போது சேறு கலந்த தண்ணீர் கொட்டுகிறது. எவ்வளவு கொட்டுகிறது என்பதை வைத்தே அந்த வண்டியின் கதவு இன்னும் எத்தனை மழை தாங்கும் என்று அனுபவக்காரர் சொல்லிவிடுவார். அதன்பின் வருவதுதான் கடினமான பகுதி: காயவைப்பது. ஏர் கன்னால் மடிப்புகளை ஊதி, கதவுகளை எல்லாம் திறந்துபோட்டு, வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டும். அரை நாளாவது வேண்டும். துரு தென்பட்ட இடத்தில் கம்பி பிரஷ் போட்டு, பிரைமர் தொட்டு, அது இறுகிய பிறகே மெழுகு. இந்த மெழுகு டப்பாவில் கெட்டியாக வரும் பாலிஷ் அல்ல. எண்ணெய்போல் ஊர்ந்து மடிப்புக்குள் நுழைந்து, பிறகு பிசினாக நிற்கும் திரவம். நீண்ட மூக்குக் குழாயை ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மெல்ல இழுத்தபடி அடிக்கிறார்கள். கீழ் ஓட்டையில் மெழுகு சொட்டத் தொடங்கினால் உள்ளே பரவிவிட்டது என்று பொருள். சொட்டி முடிந்ததும் அதே ஓட்டையை மறுபடி குத்தித் திறந்துவிட வேண்டும். இதை மறந்தால் மொத்த வேலையும் வீண். 1980-களில் ஃபோக்ஸ்வாகன் ஆலையில் கோல்ஃப் காரின் உள்கூட்டில் சூடான மெழுகை வெள்ளமாகப் பாய்ச்சியதும் இதே நோக்கத்துக்குத்தான். ஆலை இயந்திரத்தால் செய்ததை இங்கே குழாய் பிடித்த கை செய்கிறது.

ஈரம் போகாமல் மேலே கறுப்புக் கோட்டிங் அடித்துக் கொடுப்பது இந்தத் தொழிலின் பெரிய கேடு. தார்போல் திக்காக, புதிதுபோல் அழகாக இருக்கும். உள்ளே அடைபட்ட நீர் நிம்மதியாகத் தன் வேலையைச் செய்யும். கோட்டிங் உரியும் நாளில் தகடும் சேர்ந்து உரியும். இதைவிட ஒன்றும் அடிக்காமல் விட்டிருக்கலாம். பழைய இஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கத்தையும் சிலர் மலிவு வைத்தியமாகச் சிபாரிசு செய்கிறார்கள். அது நீரை விலக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எரிந்த ஆயிலில் அமிலமும் உலோகத் துகளும் உண்டு; ரப்பர் புஷ்களை ஊதவைக்கும்; முதல் மழையிலேயே வழிந்து ஓடை வழியாக அலையாத்திக் காட்டுக்குப் போகும். மேலே செராமிக் கோட்டிங் போட்டுவிட்டேன், எனக்கு எதற்கு இதெல்லாம் என்பவருக்கும் பதில் அதேதான்: செராமிக் போட்ட இடம் பானட், துருப்பிடிக்கும் இடம் அதுவல்ல. இப்போதைய கார்களில் துத்தநாகம் பூசிய தகடு வருகிறதே என்பது சற்று வலுவான மறுப்பு. துத்தநாகம் உண்மையிலேயே காப்பாற்றுகிறது, தன்னைக் கரைத்துக்கொண்டு காப்பாற்றுகிறது. உப்பு ஈரத்தில் அது வேகமாகத் தீர்ந்துவிடும். எல்லா மாடலிலும் எல்லாத் தகட்டிலும் பூசப்படுவதும் இல்லை. தவிர, இங்கே ஓடுபவை எல்லாம் புதுக் கார்களும் அல்ல. ஸ்கூட்டரின் கால்தரைத் தகட்டையும் ஆட்டோவின் அடிச்சட்டத்தையும் யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் தண்ணீர். மெழுகு வேலைக்கு உகந்த காய்ந்த மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. தலைநகருக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை வற்றி, குழாய்த் தண்ணீருக்கு முறை வைக்கும் காலமும் அதுதான். குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது கார் கழுவுவதா என்று கேட்பவரோடு நான் சண்டைபோட மாட்டேன். ஆனால் தண்ணீர் எங்கே வீணாகிறது என்று பாருங்கள். வாராவாரம் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு மேற்கூரையையும் பானட்டையும் குளிப்பாட்டுவதில்தான் வீணாகிறது. அந்தக் குளிப்பாட்டலை ஈரத்துணித் துடைப்பாகச் சுருக்கி, ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பகுதிக்கு மட்டும் பிரஷர் கன் பிடித்தால் மொத்தச் செலவு குறையும். மழைமாதங்களில் கூரைநீரைப் பிடித்து வைத்த தொட்டியே அடி அலசலுக்குப் போதும். மழைநீரில் உப்பும் குறைவு. உப்பேறிய கிணற்று நீரில் கழுவுவதைவிடக் கழுவாமல் இருப்பது மேல்.

கடலோரத் தமிழர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. மரப்படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, அடிப்பகுதியைச் சுரண்டிக் காயவைத்துச் சுறா எண்ணெய் பூசிய மீனவர், மேல்பலகையை மட்டும் மினுக்கிவிட்டு அடியை மறந்ததில்லை. அந்தமானிலும் கர்ஜன் மரத்தின் எண்ணெயைப் படகுக்குப் பூசியிருக்கிறார்கள். படகுக்காரர் தன் படகில் தானே கடலுக்குப் போகிறவர்; ஏமாற்ற வேறு ஆள் இல்லை. கார் விஷயத்தில் பூசுபவர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர். ஓட்டுபவர் வந்து நின்று பார்ப்பது டயர் கறுப்பாக மின்னுகிறதா, டாஷ்போர்டு பளிச்சென்று இருக்கிறதா என்பதை மட்டும். கூலியும் வண்டிக் கணக்கில் என்றால், காயவைக்கும் அரை நாளில் இரண்டு மூன்று வண்டி போய்விடும். எந்தத் தொழிலாளி ரன்னிங் போர்டு ஓட்டையைக் குத்திக்கொண்டு நிற்பார்? திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் மணலோடு சேர்த்துத் தேய்த்து பெயிண்டைக் கீறுகிறான் என்று பையனைத் திட்டுகிறோம். நல்ல மைக்ரோ ஃபைபர் துணியின் விலையை அந்தக் கூலியில் யார் சேர்த்திருக்கிறோம்?

அந்தப் பையனின் காலையும் பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஈரத்தில் நிற்பதால் வரும் சேற்றுப்புண், குனிந்தே நிற்பதால் வரும் இடுப்புவலி, டிடர்ஜென்டில் வெடித்த உள்ளங்கை ஆகியவை இந்த வேலையின் கூலியில் எழுதப்படாத பகுதி. சக்கரத்தை வெளுக்கவைக்கும் சில கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் முதலில் வலிக்காமலே உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். ரப்பர் பூட்ஸ், கையுறை, மெழுகு ஸ்ப்ரே அடிக்கும்போது முகமூடி மூன்றும் முதலாளி வாங்கித்தர வேண்டியவை. அவற்றின் செலவை வாடிக்கையாளர் தர வேண்டும்.

ஆகவே சௌல்தாரிப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாதாமாதம் மேல்பாலிஷுக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்து வைத்து, மே மாத மழைக்கு முன் ஒருமுறை அடிவேலைக்குக் கொடுங்கள். காலையில் விட்டு மாலையில் எடுக்காதீர்கள், ஒரு நாள் முழுதாக விடுங்கள். காயவைத்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள். பணம் கொடுக்கும் முன் வண்டியை ரேம்ப்பில் ஏற்றச் சொல்லி, கதவின் கீழ் ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். பானட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.