கல்லைத் தேடப் போய்

பித்தப்பையில் கல் இருக்குமோ என்ற சந்தேகத்தின்பேரில் ஸ்கேன் எடுக்கப் போன என் பெரியப்பாவின் வயிற்றில், குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை உருட்டிக்கொண்டிருந்த ஸ்கேன் பெண்ணின் கை, வலப்பக்கத்தில் ஓரிடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நின்றதைக் கண்டபோதே எனக்கு ஏதோ விபரீதமென்று பட்டுவிட்டது. சிறுநீரகத்தில் 3 சென்டிமீட்டர் கட்டி. வலியுமில்லை, சிறுநீரில் இரத்தமுமில்லை. இந்நாளில் சிறுநீரகப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படி வேறெதையோ தேடப் போன இடத்தில்தான் அகப்படுகிறதாம்.

வைத்தியர் பழங்கதையிலிருந்து தொடங்கினார்: மனிதன் ஒற்றைச் சிறுநீரகத்துடன் ஜீவிக்கக்கூடுமென்பதை நாய்களிடம் பரீட்சித்தறிந்த பின்னர், 1869இல் ஹைடல்பர்க் நகரில் குஸ்டாவ் சைமன் என்ற ரணவைத்தியர் ஒரு மாதின் சிறுநீரகத்தைத் துணிந்து அகற்றினார் (அது புற்றுக்காக அன்று). புற்று என்றாலே முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடும் வழக்கம் பிற்பாடு நெடுங்காலம் நிலவிற்று. இன்றோ, 4 சென்டிமீட்டருக்கு உட்பட்டதானால், கூடியவரை கட்டியை மாத்திரம் அரிந்தெடுத்து மிச்சத்தைக் காப்பாற்றவே பிரயத்தனப்படுகிறார்கள். வழக்கமான கீமோதெரபிக்கு இப்புற்று அநேகமாய் மசிவதில்லை. பரவிவிட்டால், கட்டிக்குப் புதிய இரத்தநாளங்கள் முளைக்காதபடி தடுக்கும் மாத்திரைகளும், உடலின் எதிர்ப்புச் சக்தியை ஏவிவிடும் ஊசிமருந்துகளுமே பிரதானம்.

இவ்வளவையும் வைத்தியர் படம் போட்டு விளக்கி முடித்ததும் பெரியப்பா கேட்டார்: “அதெல்லாம் கிடக்கட்டும் ஐயா, பித்தப்பையில் கல் உண்டா, இல்லையா?”