திருநாளும் துனியும்

திருநாள் எல்லா வீட்டிலும் ஒரே முகத்தோடு நுழைவதில்லை. விளக்கொளி நிறைந்த தெருவிலும் இருண்ட உள்ளங்கள் உண்டு. அவ்வுள்ளங்களுக்கும் ஒரு பாட்டு வேண்டுமன்றோ? 1987 நவம்பரில் ‘போக்ஸ்’ என்னும் ராக் இசைக்குழு வெளியிட்ட ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’ அத்தகைய கிறிஸ்துமஸ் பாட்டு.

ஜெம் ஃபைனரும் ஷேன் மெக்கோவனும் இயற்றியது அது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு. குடிமயக்கத்தால் காவலில் அடைபட்ட ஒருவன் தன் காதலை எண்ணிப் பார்க்கிறான். அயர்லாந்திலிருந்து நியூயார்க் சேர்ந்த இணையரின் கனவுகள் சிதைகின்றன. ஊடல் எல்லை கடந்து துனியாகிறது. மெக்கோவனும் கர்ஸ்டி மெக்காலும் மாறி மாறி வசை பாடுகின்றனர். எனினும் அவ்வசையின் அடியில் அன்பு வற்றவில்லை.

வாழ்த்தை எதிர்பார்த்த நாளில் வசை கேட்டும் மக்கள் முகம் சுளிக்கவில்லை. அயர்லாந்தில் அது முதலிடம் பெற்றது, பிரிட்டனில் இரண்டாமிடம். 2005 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலுக்கு மீண்டும் வந்துவிடுகிறது.

பாடிய இருவரும் இன்றில்லை. மெக்கால் 2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோக் கடலில் படகு மோதி மாண்டார். மெக்கோவன் 2023 நவம்பர் 30 அன்று மறைந்தார். டிசம்பர் 8 அன்று அயர்லாந்தின் நீனா நகரத் தேவாலயத்தில், அவர் உடல் வைத்த பேழையின் முன்னே இப்பாட்டு ஒலித்தது. துயரில் இருந்த குடும்பத்தார் எழுந்து ஆடினர்.

குறையற்ற இன்பத்தைப் பாடும் பாட்டைக் கேட்டு மக்கள் மகிழ்வர். தம் குறையை அறிந்த பாட்டையோ தமதாக்கிக் கொள்வர்.