ஒரு குயர் நோட்டு

இளம் அறிவியல் (வேதியியல்), இரண்டாம் ஆண்டு

“எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?” என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். சிறு வயதில் அதை வெறும் பழமொழியாகக் கேட்டுவைத்தேன். இந்த ஆண்டுப் பொங்கலுக்குப் பிறகுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

எங்கள் ஊர் வத்திராயிருப்பு. மேற்கே மலை, மலையடியில் பிளவக்கல் அணை, அணைத் தண்ணீர் பாயும் நெல்வயல்கள். அந்த வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுள் என் அம்மாவும் ஒருவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்.

“எல்லாரும் கைப்பேசி வைத்திருக்கிறார்கள், என்னிடம் மட்டும்தான் இல்லை” என்று நான் நச்சரித்ததால், சென்ற செப்டம்பரில் அம்மா வட்டிக்குக் கடன் வாங்கினார். வாரம் 500 ரூபாய்; 25 வாரத் தவணை. பணம் கட்டுவது அம்மாவின் வேலை. கைப்பேசியைப் பார்ப்பது என் வேலை. எத்தனை வாரம் முடிந்தது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

போகிக்கு முதல்நாள் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். அடுப்படிச் சுவரில் கரிக்கோடுகள் வரிசையாக இருந்தன. முன்பு பசு வைத்திருந்த காலத்தில் பால் ஊற்றிய கணக்கை அம்மா அப்படித்தான் கோடு போட்டு வைப்பார். பசுவை விற்று ஓராண்டாயிற்று. பழைய கோடுகள்தானே என்று எண்ணி இரண்டு கை சுண்ணாம்பு கூடுதலாகவே அடித்தேன். சுவர் பளிச்சென்று ஆயிற்று.

வயலிலிருந்து திரும்பிய அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “சுவரு நல்லா இருக்கு தாயி. என் கணக்குத்தான் போச்சு.”

பாலின் கோடுகளுக்குக் கீழே கடனின் கோடுகளும் இருந்திருக்கின்றன. பொங்கல் கழிந்து தவணைக்காரர் வந்தார். “17 வாரம் கட்டிவிட்டேன்” என்றார் அம்மா. அவருடைய நோட்டிலோ 14 என்றிருந்தது. சுவரைக் காட்டிப் பேச வழியில்லை. மூன்று வாரப் பணம், 1,500 ரூபாய், மறுபடியும் எங்கள் தலையில் விழுந்தது. அம்மா என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு நோட்டு வாங்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிரவு உண்டாயிற்று. உண்மையைச் சொன்னால், நாட்குறிப்பு எழுதும் ஆசை எனக்கு முன்பே இருந்தது. தமிழ் வகுப்பில் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிக் கேட்டதிலிருந்து வந்த ஆசை அது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷாக இருந்த அவர், 1736ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ 25 ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, ஆளுநர் துப்ளேக்சு பேசியது, வீட்டில் நடந்த நல்லது கெட்டது எல்லாம் அதில் உண்டு. பின்னாளில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பே 12 தொகுதிகளாக வெளிவந்தது. அத்தகைய பெரிய மனிதர்தாம் நாட்குறிப்பு எழுதலாம் என்று நான் அப்போது எண்ணியிருந்தேன்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்காக 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் என் கணக்கிற்கு 1,000 ரூபாய் வந்தது. 600 ரூபாயை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, 400 ரூபாயுடன் திருவில்லிபுத்தூர்க் கடைவீதிக்குச் சென்றேன்.

கடைக்கார அண்ணாச்சி முதலில் நாட்குறிப்பேடுகளை எடுத்துப் போட்டார். சனவரி கடந்துவிட்டதால் விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி அச்சாகியிருந்தது. எழுதாமல் விட்ட நாளெல்லாம் வெற்றுப் பக்கமாக நின்று நம்மைக் குற்றம் சாட்டும். எழுத நிறைய உள்ள நாளில் இடம் போதாது. வேண்டாம் என்றேன்.

அடுத்து ஒன்று காட்டினார். தோல் போன்ற அட்டை, கோடு போடாத, பால்நிறத் தடித்த தாள், 350 ரூபாய். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அம்மாவின் ஒரு நாள் கூலிக்குச் சற்றே குறைவு என்று மனம் கணக்கிட்டது. மேலும், அவ்வளவு அழகான தாளில் என் கோணல் எழுத்தை எழுதக் கை வருமா? ரெக்கார்டு நோட்டைப் போல அதையும் பிழையின்றி எழுத வேண்டும் என்ற அச்சமே எனக்கு வந்தது. ரெக்கார்டில் ‘நான்’ என்ற சொல்லுக்கும் இடமில்லை; கரைசலைச் சூடாக்கியது யார், குடுவையை உடைத்தது யார் என்பதற்கெல்லாம் அங்கே மதிப்பெண் கிடையாது.

“அண்ணாச்சி, பிழையாக எழுதினாலும் மனம் வருந்தாத நோட்டு இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். உள்ளே போய், கடைக்காரர்கள் கணக்கெழுதும் கெட்டி அட்டை நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். “சிவகாசிச் சரக்கும்மா. நூல் தையல். இது பிரியாது” என்றார்.

வேதியியல் படிக்கும் எனக்கும் சில சோதனைகள் தெரியுமே! விரித்து வைத்தேன், கையை எடுத்ததும் மூடிக்கொள்ளாமல் படிந்து கிடந்தது. பசை மட்டும் வைத்து ஒட்டியவை நாளடைவில் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். கடைசிப் பக்க மூலையில் மைப்பேனாவால் கோடிழுத்தேன், பின்புறம் ஊறவில்லை. செய்தித்தாளில் மரத்தின் லிக்னின் நீங்காமல் இருப்பதால்தான் வெயில் பட்டதும் அது மஞ்சளாகிறது என்று படித்திருக்கிறேன். இந்தத் தாள் அவ்வளவு மட்டமன்று. ஒரு குயர், 96 பக்கம், 70 ரூபாய். வாங்கிக்கொண்டேன். மீதி 330 ரூபாயையும் அம்மாவின் சுருக்குப் பையில் சேர்த்தேன்.

“கைப்பேசியிலேயே எழுதலாமே?” என்று தோழி ஒருத்தி கேட்டாள். எழுதலாம். ஆனால் அதில் என் அம்மா கோடு போட முடியாது.

ஆம், நோட்டின் முதல் பக்கம் அம்மாவுடையது. தவணை கட்டிய நாளன்று நான் தேதியும் தொகையும் எழுதுகிறேன். தவணைக்காரரிடமும் அதில் கையெழுத்து வாங்குகிறோம். பக்கத்தில் அம்மா பேனாவை விறகுக் கரிபோல் இறுகப் பிடித்து ஒரு கோடு இழுக்கிறார். அடுத்த பக்கத்திலிருந்து என்னுடையது. முதலில் எழுதியது வெள்ளையடித்த நாளைப் பற்றித்தான். எழுதத் தெரியாதவர் கணக்கு வைக்கவில்லை என்று படித்தவள் எண்ணிவிட்டேன். சுவரும் ஓர் ஏடு என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆனந்தரங்கப் பிள்ளை சரக்கு விலையையும் வீட்டு நடப்பையும் சேர்த்தே எழுதியது எதற்கென்று இப்போது எனக்குப் புரிகிறது.

ஒருநாள் அம்மா கேட்டார்: “மத்தப் பக்கத்தில எல்லாம் என்ன தாயி எழுதுற?”

“அது என் கணக்கும்மா” என்றேன்.

“அப்ப அதையும் பத்திரமா வை” என்றார்.

தோழர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். உங்களுக்கென்று ஒரு நோட்டு வாங்குங்கள். விலை உயர்ந்தது வேண்டா. எழுத அஞ்சாததாக இருந்தால் போதும். அதற்கு முன் ஒருமுறை உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். அதில் கோடுகள் இருந்தால், அவை எதைக் குறிக்கின்றன என்று அம்மாவிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கில் இன்னும் நான்கு கோடுகள் பாக்கி.