விளையாட்டு முடிந்தது!

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு கோட்டையை வென்றோம். வென்ற மறுநாள் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை! சிரிக்காதீர்கள் தோழியரே, முழுவதும் கேளுங்கள்.

நாங்கள் என்றால் அக்கா, தங்கை, இதை எழுதும் நடுப்பிள்ளை ஆக மூவர். ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து வந்த மாமா மகன், தன் பழைய விளையாட்டுக் கருவியை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனான். அதில் இருந்தது 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச்சில் வெளியிட்ட வீடியோ கேம். லிங்க் என்னும் வீரன் 100 ஆண்டுகள் உறங்கி, நினைவிழந்து கண் விழிக்கிறான். அவன் வரும்வரை இளவரசி செல்டா, கேனன் என்னும் கொடிய சக்தியைக் கோட்டைக்குள் தனியொருத்தியாய் அடக்கி வைத்திருக்கிறாள். அவளை மீட்பதே கதை.

ஆனால், "உடனே கோட்டைக்குப் போ" என்று யாரும் விரட்டுவதில்லை. மலை ஏறலாம், குதிரை பிடித்துப் பழக்கலாம், ஆப்பிளும் காளானும் போட்டுச் சமைக்கலாம். மழை பெய்தால் பாறை வழுக்கும். நிற்கும்வரை ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். சண்டை அக்காவின் பங்கு. ஆங்கில வசனத்தைத் தமிழில் சொல்வது நடுப்பிள்ளையின் பங்கு. சமையல் தங்கையின் பங்கு. அம்மா அனுமதித்ததோ மாலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டுமே. அந்த ஒரு மணி நேரத்திற்காகவே பகல் முழுவதும் வீட்டு வேலைகள் பறந்தன!

மே மாதம் கரைந்தது. 120 புதிர்க் கூடங்களில் பாதியைக்கூட நாங்கள் பார்த்திருக்கவில்லை. அக்கா வெளியூர்க் கல்லூரி விடுதிக்குப் புறப்படும் நாளோ நெருங்கியது. "நான் போறதுக்குள்ள இளவரசியை மீட்டுடணும்" என்றாள். ஒரு சனிக்கிழமை இரவு கேனன் வீழ்ந்தான். கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

மறுநாள் ஆறு மணிக்குக் கருவியைத் திறந்தோம். என்ன ஏமாற்றம்! லிங்க் கடைசிச் சண்டைக்கு முந்தைய இடத்திலேயே நின்றான். கேனன் கோட்டையில் இருந்தான். இளவரசி இன்னும் காத்திருந்தாள். நாங்கள் வென்றதற்கு அடையாளம் ஒரு சிறு நட்சத்திரம் மட்டுமே. தங்கை எதையோ சமைத்தாள்; பாதியில் வைத்துவிட்டாள். தேர் நிலைக்கு வந்த மறுநாள் தெரு போல் கூடம் வெறிச்சென்று கிடந்தது.

"ஒரு விளையாட்டுக்கா இவ்வளவு துக்கம்?" என்று அம்மா கடிந்துகொண்டார். பாட்டி கடிந்துகொள்ளவில்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களைப் பாட்டியின் அம்மா கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தாராம். அதைப் பதினைந்து வயதில் படித்து முடித்த பாட்டி, இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லையாம்!

"அப்புறம் என்ன பாட்டி செஞ்சீங்க?"

"கண் தெரியாத எங்க அத்தைக்கு முதல் பக்கத்திலேருந்து வாசிச்சுக் காட்டினேன், கண்ணுகளா."

அக்கா புறப்படும் முன்னிரவு, தங்கை மெல்லச் சொன்னாள்: "நாம முடிச்சிருக்கவே கூடாதுக்கா. முடிக்காம இருந்தா நீ போயிருக்க மாட்டே." யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் வருந்தியது லிங்கிற்காக அல்ல, மூவரும் ஒரே பாயில் அமர்ந்திருந்த அந்த ஆறு மணிக்காகத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

அடுத்த விடுமுறைக்கு அக்கா வந்தாள். கோட்டை வாசலில் நின்ற லிங்கைத் திருப்பி மலைப்பக்கம் அழைத்துப் போனோம். பார்க்காத புதிர்க் கூடங்கள்தாம் இன்னும் எத்தனை! இம்முறை சண்டை தங்கையின் பங்கு. சமையல் அக்காவின் பங்கு. பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. அவசரம் இல்லை, மூவரும் ஒதுங்கிக் காத்திருந்தோம்.