கொல்லன் தெருவில் ஒரு டெய்லர்

'கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகாதே' என்று பாட்டி அடிக்கடி சொல்வாள். நான் போனது விற்பதற்கல்ல, தைப்பதற்கு. அதுவும் அதே தெருவில் எட்டு மாதம் சம்மட்டி அடித்த பிறகு!

ஊர் பெயர் அயர்ன்ஃபோர்ஜ். பஸ், ரயில் எதுவும் போகாது. ஒரு கம்ப்யூட்டர், மாதச் சந்தா, 'இன்னும் தூங்கலையா?' என்று வீட்டில் கேட்கிறவர்களைச் சமாளிக்கிற சாமர்த்தியம் - இது மூன்றும் இருந்தால் போய்விடலாம். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் விளையாட்டில் குள்ளர்களின் தலைநகரம் அது. பிளிஸார்ட் கம்பெனி 2004 நவம்பரில் அந்த விளையாட்டை வெளியிட்டது. வருஷா வருஷம் ஏதாவது இடித்துக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். 'எங்களுக்குப் பழைய ஊர்தான் வேண்டும்' என்று ஒரு கூட்டம் விடாமல் கேட்க, 2019 ஆகஸ்டில் பழைய ஊரைப் பழையபடியே திறந்துவிட்டார்கள். நான் குடியேறியது அப்போதுதான். தாடி வைத்த குள்ள வீரனாக!

வெளியே ஒரே பனி. மேட்டுப்பாதையில் மூச்சு வாங்க ஏறினால் மலையைக் குடைந்த வாசல். உள்ளே நுழைந்ததும் பாங்க்கும் ஏலக்கடையும். எந்நேரமும் ஜே ஜே என்று கூட்டம். பழைய நாட்களில் இந்தக் கூட்டத்தைத் தாங்க முடியாமல் கம்ப்யூட்டர்கள் திணறுமாம். ஊருக்கே 'லாக்ஃபோர்ஜ்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

ஊர் தோசைக்கல் மாதிரி வட்டம். நடுவில் மகா பெரிய உலை. ஆரஞ்சு நிறத்தில் உருகிய குழம்பு ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் பட்டறைக் கற்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு அங்கே போய் நின்று 'டங் டங்' சத்தத்தைக் கேட்டால் அவ்வளவு நிம்மதி. (மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த நிம்மதிக்கான வட்டி வசூலாகும்.)

இந்த ஊர்ச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சமையல், மீன்பிடித்தல் மாதிரி சில்லறை வேலைகளை யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் கற்கலாம். ஆனால், பெரிய தொழில் ஆளுக்கு இரண்டுதான். கொல்லு, சுரங்கம், தையல், தோல், மூலிகை, மருந்து, மந்திரம் ஏற்றுவது, எந்திர வேலை... இதில் இரண்டு. மூன்றாவது வேண்டுமென்றால் ஏற்கெனவே இருப்பதில் ஒன்றை விட வேண்டும். விடுவதென்றால் லீவு போடுவது மாதிரி இல்லை. தலையில் இருந்தே துடைத்துவிடுவார்கள். மறுபடி வேண்டும் என்று வந்தால் ஒன்றிலிருந்து ஆரம்பம்.

என்னிடம் இருந்தவை சுரங்கமும் கொல்லும். கொல்லுத் தொழிலில் 300-க்கு 285 மார்க் எடுத்திருந்தேன். பி.காம்.மில்கூட நான் அந்த சதவீதத்தை எட்டியதில்லை.

பின்னே ஏன் விட வேண்டும்? கணக்குதான் காரணம்.

பி.காம். படித்தவனிடம் காசு சமாச்சாரம் மாட்டினால் சும்மா இருப்பானா? நீள நோட்டுப் புத்தகம் ஒன்றில் வரவு, செலவு எழுத ஆரம்பித்தேன். 100 செம்புக் காசு ஒரு வெள்ளி, 100 வெள்ளி ஒரு பொன். நாலு வாரத்துக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் பகீரென்றது. வெட்டியெடுத்த தாதுவை அப்படியே ஏலக்கடையில் போட்டிருந்தால் லாபம். அதை உருக்கி, அடித்து, கால்கவசமாக்கி விற்றதில் நஷ்டம்! செய்த பொருளைவிட கச்சாப் பொருளுக்கு விலை அதிகம்.

காரணம் ரொம்ப எளிது. தொழில் பழகுகிற அத்தனை பேரும் ஒரே சாமானைத்தான் அடிக்கிறார்கள். யாரும் போட்டுக்கொள்வதற்காகச் செய்வதில்லை. மார்க் ஏறுவதற்காக அடிக்கிறார்கள். ஏலக்கடையில் பச்சை இரும்புக் கால்கவசம் மலையாகக் குவிந்து கிடக்கும். அவ்வளவு கால்களுக்கு எங்கே போவது? விற்றாலும் கடைக்காரர் 5 சதவீதம் எடுத்துக்கொள்வார். விற்காவிட்டால் கட்டிய டெபாசிட்டும் போச்சு.

அதே சமயம் பைகளைப் பாருங்கள். புதிதாக வருகிற ஒவ்வொருத்தனுக்கும் முதுகில் ஒரு மூட்டைதான் கொடுத்து அனுப்புவார்கள். இன்னும் நாலு பை மாட்டிக்கொள்ள இடம் உண்டு. பை இல்லாவிட்டால் கிடைத்ததையெல்லாம் வழியில் எறிந்துவிட்டு நடக்க வேண்டியதுதான். ஆகவே பை விற்றுக்கொண்டே இருக்கும். பை தைக்கிறவன் டெய்லர்.

கணக்கு சொல்லிவிட்டது. கைதான் போகவில்லை.

திறமைகள் பக்கத்தில், கொல்லுத் தொழிலுக்கு எதிரே ஒரு சின்னச் சிவப்பு வட்டம் இருக்கும். அதை அழுத்தினால், 'மறந்துவிடட்டுமா?' என்று கேட்கும். மூன்று ராத்திரி அதை அழுத்துவதும் 'வேண்டாம்' சொல்வதுமாக இருந்தேன். 'போன செலவு போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்காதே' என்று காஸ்டிங் வாத்தியார் மூன்றாம் வருஷம் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். ஸங்க் காஸ்ட்! பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

எங்கள் கோஷ்டியில் மதுரைத் தம்பி ஒருத்தன் உண்டு. ஹெட்போனில் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, 285 ஆயிருச்சு. இன்னும் 15தான். இப்பப் போயி அழிக்கிறேங்கிறீங்களே!"

"அந்தப் பதினஞ்சுக்கு எவ்வளவு தோரியம் ஆகும்னு தெரியுமாடா?"

"தெரியாம என்ன? இதுவரைக்கும் ஆனதுல பாதி நான்தானே வெட்டிக் குடுத்தேன்!"

வாயடைத்துப் போனேன். அவன் சொன்னது வாஸ்தவம். அன்-கோரோ என்ற பள்ளத்தாக்கில் டைனோசர்கள் துரத்தத் துரத்த, அவனும் நானும் ராத்திரி ராத்திரியாகப் பாறை உடைத்திருக்கிறோம். நான் அழிக்கப் போவது என் கணக்கை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன நாள் ஞாபகம் வந்தது. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்ப அந்த ஆறு வருஷம்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

நாலாவது ராத்திரி அழுத்திவிட்டேன். இடியும் இல்லை, மின்னலும் இல்லை. பட்டியலில் ஒரு வரி காணாமல் போனது. அவ்வளவுதான். பக்கத்தில் உலை தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. கையில் சுத்தியல் அப்படியே இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் இப்போது எனக்குத் தெரியாது!

(ஃபைனல் ஃபேன்டஸி 14 என்று இன்னொரு உலகம் இருக்கிறது. அங்கே கையிலிருக்கிற கருவியை மாற்றினால் தொழில் மாறிவிடும். எட்டுக் கைத்தொழிலையும் ஒரே ஆள் கற்கலாம், எதுவும் அழியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அங்கே யாரும் மூன்று ராத்திரி தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள்.)

டெய்லர் கடைக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. அதே உலையைச் சுற்றியிருக்கிற வளையத்திலேயே இருக்கிறது. சில செம்புக் காசு கொடுத்ததும் சேர்த்துக்கொண்டார்கள். தையல் மெஷின், ஊசி, இஞ்ச் டேப் எதுவும் கிடையாது. துணியும் நூலும் போதும், கையை ஆட்டினால் தைத்துவிடும். உடம்பு முழுக்க இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு நான் லினன் துணி மடித்த காட்சியை நினைத்துப் பாருங்கள். போகிற வருகிறவர்கள் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

லினன் சுலபமாகக் கிடைத்தது. கம்பளித் துணிதான் ஆளைக் கொன்றுவிட்டது. ஒரு பைக்கு ஒன்பது துணி வேண்டும். அதைத் தேடி, கத்துக்குட்டியாக இருந்த காலத்தில் சுற்றிய ஊர்களுக்கே திரும்பப் போனேன். குள்ளர் ஊரிலிருந்து ஸ்டார்ம்விண்டுக்கு பாதாள ரயில் ஓடுகிறது. டிக்கெட் கிடையாது. நடுவில் கண்ணாடிச் சுரங்கம், வெளியே தண்ணீரில் மீன்கள். இறங்கி, கழுகுத் தலைச் சிங்கத்தின் முதுகில் ஏறினால் வெஸ்ட்ஃபால். காய்ந்து மஞ்சளாகிப் போன வயல்கள். ஆள் இல்லாத பண்ணை வீடுகள். அறுவடை எந்திரங்கள் பைத்தியம் பிடித்தது மாதிரி தாமாகவே அலைந்துகொண்டிருக்கும்.

அங்கேதான் டிஃபையாஸ் கொள்ளைக் கூட்டம். முகத்தில் சிவப்புத் துணி கட்டியவர்கள். அவர்களை அடித்தால் துணி கிடைக்கும். முதல் தடவை வந்தபோது அவர்கள் என்னை ஓட ஓட விரட்டினார்கள். இப்போது நான் 60-வது படியில் இருக்கிறேன். ஒரே அடிதான்.

ஐம்பதாவது ஆளோ என்னவோ, அடித்துப் போட்ட பிறகு அவர்கள் கதை ஞாபகத்துக்கு வந்தது. அவர்கள் பிறவிக் கொள்ளைக்காரர்கள் இல்லை, சார். கல்வேலை செய்கிற கொத்தர்கள். போரில் இடிந்த ஸ்டார்ம்விண்ட் நகரத்தைத் திரும்பக் கட்டிக் கொடுத்தவர்கள். கட்டி முடித்ததும் பிரபுக்கள் கூலி கொடுக்க மறுத்தார்கள். தலைவன் வான்கிளீஃப் பின்னால் அத்தனை பேரும் தொழில் மாறிவிட்டார்கள். குகைக்குள்ளே ரகசியமாகப் பெரிய கப்பல் கட்டுகிற அளவுக்கு வேலை தெரிந்தவர்கள்! தொழில் மாறிய ஒருத்தன், தொழில் மாறியவர்களை அடித்துத் துணி உருவிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அதோடு கிளம்பிவிட்டேன். (மறுநாள் போனேன். கம்பளி வேண்டுமே!)

மதுரைத் தம்பி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஊர்த் தபால்பெட்டியில் ஒரு பார்சல். பிரித்தால் கம்பளித் துணி, 20 எண்ணம். கூட ஒரு கடிதம்: 'அண்ணே, கிழிஞ்சது கிழிஞ்சிருச்சு. தைங்க.'

அதில் தைத்த முதல் பையை அவனுக்கே அனுப்பினேன்.

போன மாதம் நடந்தது இது. பாங்க் வாசலில் பை ஏலம் போட நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருத்தன் அருகே வந்தான். இடுப்பில் கறுப்பாகத் தொங்குவது என்ன என்று பார்த்தேன். 'பெரிய கறுப்புத் தண்டம்'. மித்ரிலில் செய்வது. இந்த ஊரில் ஆயுதத்தை யார் செய்தாலும் அவர் பெயர் அதில் இருக்கும். கீழே பச்சை எழுத்தில் என் பெயர்.

'இதைச் செய்தது நீங்கள்தானா?' என்று கேட்டான். ஆமாம் என்றேன். பல மாதம் முன்னால் ஏலத்தில் எடுத்தானாம். இது வரைக்கும் கூடவே இருக்கிறதாம். இன்னொரு கைக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும், சாமான் எல்லாம் தானே கொண்டுவருகிறேன் என்றான்.

உலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

'இப்போது நான் பை தைக்கிறேன்' என்றேன்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு, 'என்ன விலை?' என்றான். இரண்டு வாங்கிக்கொண்டு போனான்.